3270 எமுலேட்டர்களில் விசைப் பொருத்தம்: ஒரு திறனாய்வு

மெயின்ஃப்ரேம் என்னும் பெருமுகக் கணினியோடு வேலை செய்ய இன்று தனி முனையம் எதுவும் தேவையில்லை. சாதாரண மேசைக் கணினியிலோ மடிக்கணினியிலோ எமுலேட்டர் என்ற மென்பொருளைத் திறந்தால் போதும். ஐபிஎம் நிறுவனம் 1971இல் அறிமுகப்படுத்திய 3270 வகை முனையத்தைப் போலவே அது நடிக்கும். தன்னிடம் பேசுவது பழைய இரும்புப் பெட்டியா, புதிய மென்பொருளா என்பது மறுமுனையில் இருக்கும் மெயின்ஃப்ரேமுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. வெளிநாட்டு வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள் ஆகியவற்றின் மெயின்ஃப்ரேம் பணிகளைச் சென்னையிலிருந்து செய்து தரும் நிறுவனங்களில் சேரும் நம் பிள்ளைகள், முதல் வாரத்திலேயே சந்திப்பது இந்த எமுலேட்டரைத்தான்.

திரையைப் போல நடிப்பது எளிது. விசைப்பலகையைப் போல நடிப்பதுதான் கடினம். 3270இல் இருந்த பல விசைகள் இன்றைய விசைப்பலகையில் இல்லை. ஆகவே, இந்த விசையை அழுத்தினால் அதை அந்தப் பழைய விசையாகக் கொள் என்று சொல்லும் ஓர் அட்டவணை ஒவ்வோர் எமுலேட்டரிலும் உண்டு. அதையே விசைப் பொருத்தம் அல்லது கீமேப் என்கிறோம். இதுவும் ஒரு மொழிபெயர்ப்புதான். மொழிபெயர்ப்பு என்றால் அதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு; திறனாய்வுக்கு இடமும் உண்டு.

எமுலேட்டர்களோடு இயல்பிருப்பாக வரும் பொருத்தங்களைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் என்டர் விசை எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சுற்றியே நடக்கிறது. சண்டை தவறான இடத்தில் நடக்கிறது என்பதே என் கருத்து. தட்டச்சு செய்ததை இழக்கச் செய்யும் விசைகள் எங்கே வைக்கப்பட்டுள்ளன, பூட்டிக்கொண்ட விசைப்பலகையைத் திறக்கும் விசை எளிதில் கிடைக்கிறதா என்ற இரண்டையும் பார்த்துத்தான் ஒரு பொருத்தத்தை மதிப்பிட வேண்டும்.

விசையை அழுத்தும்போது நடப்பது என்ன?

நாம் பழகிய கணினியில் ஒவ்வோர் எழுத்தும் அழுத்தியவுடனே நிரலுக்குப் போய்ச் சேர்கிறது. 3270 அப்படி அன்று. திரை முழுவதும் ஒரு விண்ணப்பப் படிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தின் கட்டங்களில் நாம் எழுதுவது முனையத்தின் நினைவகத்திலேயே தங்கும். மெயின்ஃப்ரேமுக்கு அதுவரை ஒன்றுமே தெரியாது. அனுப்பும் விசை ஒன்றை அழுத்தினால்தான் படிவம் சாளரத்துக்குள் போகிறது.

அனுப்பும் விசைகள் சில மட்டுமே: என்டர், பிஎஃப்1 முதல் பிஎஃப்24 வரையிலான செயல் விசைகள், பிஏ1, பிஏ2, பிஏ3, கிளியர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட் அளவுள்ள குறி உண்டு. பதினாறுநிலை எண்ணில் என்டரின் குறி 7டி. பிஎஃப்1 முதல் பிஎஃப்9 வரை அவற்றின் குறிகள் எஃப்1 முதல் எஃப்9 வரைதான். மாணவர்கள் நினைவில் வைக்க இதைவிட வசதி வேண்டாம். டேப், ஹோம், நியூலைன், ரீசெட், புலத்தின் மீதியை அழிக்கும் இரேஸ் ஈஓஎஃப் ஆகியவை உள்ளூர் விசைகள். அவை முனையத்துக்குள்ளேயே வேலையை முடித்துக்கொள்ளும்.

இங்கே பல கையேடுகள் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று இருக்கிறது. என்டரும் பிஎஃப் விசைகளும் குறியோடு சேர்த்து, நாம் மாற்றிய புலங்களையும் எடுத்துச் செல்கின்றன. பிஏ விசைகளும் கிளியரும் குறியை மட்டுமே எடுத்துச் செல்கின்றன. படிவத்தில் எழுதியது போகாது. அதாவது, சாளரத்தில் மணியை அடித்துவிட்டுப் படிவத்தைக் கொடுக்காமல் நிற்பது போன்றது இது. அதற்குப் பதிலாக மெயின்ஃப்ரேம் புதிய திரையை அனுப்பினால், நாம் எழுதிவைத்திருந்தது அதன் அடியில் மறைந்து போகும்.

என்டர் சண்டை

பழைய 3278 போன்ற முனையங்களின் விசைப்பலகையில், இன்று நாம் பெரிய என்டர் விசையைப் பார்க்கும் இடத்தில் நியூலைன் விசை இருந்தது. அது சுட்டியை அடுத்த வரியின் முதல் புலத்துக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான். அனுப்பும் என்டரோ இடைவெளிப் பட்டைக்கு வலப்புறம் கீழ்வரிசையில் இருந்தது. இடப்புறம் கீழே ரீசெட். ஐபிஎம்மின் பெர்சனல் கம்யூனிகேஷன்ஸ் என்ற எமுலேட்டர் இந்த இடங்களை அப்படியே காப்பாற்றுகிறது: வலது கண்ட்ரோல் விசை என்டர், இடது கண்ட்ரோல் ரீசெட், பெரிய என்டர் விசை நியூலைன். பால் மேட்டஸ் பராமரித்துவரும் எக்ஸ்3270 என்ற திறமூல எமுலேட்டர் மறுபக்கம் நிற்கிறது. அதில் என்டர் என்று எழுதியிருக்கும் விசை என்டராகவே இருக்கும்.

முன்னது விரலுக்கு விசுவாசமானது. பின்னது விசையின் மேல் எழுதியிருக்கும் பெயருக்கு விசுவாசமானது. தமிழ் வாசகர்களுக்கு இந்த வழக்கு புதிதன்று. தமிழக அரசு 1999இல் தமிழ்99 விசைப்பலகையைத் தரமாக ஏற்ற பின்னும், தட்டச்சு நிலையத்தில் கற்றவர்கள் பழைய தட்டச்சு முறையையே கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்குவது சரியன்று. முப்பது ஆண்டுகள் ஒரே இடத்துக்குப் போன விரல் அங்கேதான் போகும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தமிழ்த் தட்டச்சில் தவறான விசை விழுந்தால் தவறான எழுத்து வரும், அழித்துவிடலாம். 3270இல் தவறாக விழுந்தது அனுப்பும் விசையாக இருந்தால், போனது போனதுதான்.

புதியவர் கோணத்தில் இரண்டையும் எடை போட்டுப் பார்ப்போம். பெர்சனல் கம்யூனிகேஷன்ஸில் அவர் பெரிய விசையை அழுத்துவார், சுட்டி கீழே இறங்கும், வேறொன்றும் நடக்காது. கணினி பதில் சொல்லவில்லை என்று காத்திருப்பார். எரிச்சல்தான், ஆனால் இழப்பு இல்லை. எக்ஸ்3270இல் அவர் அடுத்த வரிக்குப் போகும் நினைப்பில் அதே விசையை அழுத்தினால், பாதி நிரப்பிய படிவம் அனுப்பப்பட்டுவிடும். நிரல் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் இன்ன புலம் காலியாக உள்ளது என்று திருப்பி அனுப்பும். ஒழுங்காக எழுதப்படாத நிரல்களும் உலகில் உண்டு. ஆகவே, பழமைக்கு விசுவாசமான பொருத்தம் புதியவருக்குக் கொடுமை என்ற பொதுவான குற்றச்சாட்டில் பாதிதான் உண்மை. இரண்டில் எதை எடுத்தாலும் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

பழகாதவை

ஒரு வாரத்தில் பழகாதவை பிஏ விசைகளும் கிளியரும்தான். தினமும் அழுத்தாத விசையை விரல் எப்படிக் கற்கும்?

டிஎஸ்ஓ சூழலில் பிஏ1 என்பது ஓடிக்கொண்டிருக்கும் வேலையை இடைமறிக்கும் விசை. ஐஎஸ்பிஎஃப் திரையில் பிஏ2 என்பது திரையை மறுபடியும் வரைந்து காட்டும் விசை. இவற்றைப் பேஜ் அப், பேஜ் டவுன் விசைகளில் வைத்திருக்கும் பொருத்தங்கள் புழக்கத்தில் உள்ளன. இதைவிட மோசமான தேர்வைக் கற்பனை செய்வது கடினம். திரையை மேலே நகர்த்த விரும்புகிறவர் இயல்பாகவே பேஜ் அப்பை அழுத்துவார். அவர் இருபது வரிகளைத் திருத்திவிட்டு, இன்னும் என்டர் கொடுக்காமல் கீழே பார்க்கலாம் என்று பேஜ் டவுனை அழுத்தினால், பிஏ2 போகும். பழைய திரை திரும்ப வரும். இருபது வரித் திருத்தமும் காணாமல் போகும். அவ்விரு விசைகளையும் பிஎஃப்7, பிஎஃப்8 ஆக வைத்திருந்தால், ஐஎஸ்பிஎஃப் வழக்கப்படி திரை நகர்ந்திருக்கும். திருத்தங்களும் போய்ச் சேர்ந்திருக்கும். பெர்சனல் கம்யூனிகேஷன்ஸ் பிஏ1ஐ ஆல்ட்டும் இன்செர்ட்டும் சேர்ந்த கூட்டில் வைக்கிறது. எக்ஸ்3270 ஆல்ட்டும் 1ம் சேர்ந்த கூட்டில் வைக்கிறது. இரண்டும் தற்செயலாக விழக்கூடியவை அல்ல. இந்த வகையில் இரண்டையும் பாராட்டலாம்.

கிளியரின் நிலை கொஞ்சம் சிக்கலானது. சிஐசிஎஸ் சூழலில் வேலை செய்பவருக்கு அது அன்றாடத் தேவை. திரையைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த பரிவர்த்தனையின் நான்கெழுத்துக் குறியைத் தட்டுவார். ஐஎஸ்பிஎஃப் தொகுப்பானில் இருப்பவருக்கோ அதே விசை ஆபத்து. எல்லாருக்கும் பொருந்தும் ஒரே கீமேப் இருக்க முடியாது என்பதற்கு இதுவே சான்று. பெர்சனல் கம்யூனிகேஷன்ஸ் இதைப் பாஸ் விசையில், மூலையில் ஒதுக்கி வைத்தது நல்ல முடிவு. பல மடிக்கணினிகளில் பாஸ் விசையே இல்லை என்பதால் அந்த நல்ல முடிவு வீணாகிறது. பயனர்கள் கிளியரை எஸ்கேப் விசைக்கு மாற்றிக்கொள்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல நாம் பழகியிருக்கும் விசை எஸ்கேப். அதில் ரீசெட்டை வையுங்கள், கிளியரை வைக்காதீர்கள்.

ரீசெட் ஏன் முக்கியம்? 3270இல் எழுதக் கூடாத இடத்தில் எழுதினால் விசைப்பலகை பூட்டிக்கொள்ளும். திரையின் அடியில் உள்ள நிலை வரியில் ஒரு பெருக்கல் குறி தோன்றும். அதன் பக்கத்தில் கடிகாரம் தெரிந்தால் மெயின்ஃப்ரேம் வேலை செய்கிறது, காத்திருக்க வேண்டும் என்று பொருள். அம்புகளுக்கு நடுவே ஓர் ஆள் உருவம் தெரிந்தால் தவறான இடத்தில் எழுதினீர்கள் என்று பொருள். ரீசெட் ஒன்றே வழி. இது தெரியாத மாணவர் எல்லா விசைகளையும் தட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் சாளரத்தை மூடிவிடுவார். திரும்ப உள்நுழையும்போது, இந்தப் பயனர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார் என்று டிஎஸ்ஓ மறுக்கக்கூடும்; அப்போது உள்நுழைவுத் திரையில் மறு இணைப்புத் தேர்வைக் குறிக்க வேண்டும். ஒரு விசை எங்கே என்று தெரியாததால் வரும் வினை இவ்வளவு.

இரண்டு அடுக்குகள்

மாணவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் இது. எமுலேட்டரின் கீமேப், நம் விசையை 3270 விசையாக மாற்றுகிறது. அதோடு நின்றுவிடுகிறது. பிஎஃப்3 என்றால் வெளியேறு என்பதை முடிவு செய்வது மெயின்ஃப்ரேமில் உள்ள நிரல். ஐஎஸ்பிஎஃப்பில் கீஸ் என்ற கட்டளையைக் கொடுத்தால் அந்த இரண்டாம் அட்டவணையைக் காணலாம், மாற்றலாம். எஃப்3 வேலை செய்யவில்லை என்றால் எந்த அடுக்கில் பிழை என்று முதலில் பார்க்க வேண்டும். வேறு எமுலேட்டரில் திறந்து பார்த்தும் அதே நடத்தை என்றால் பிழை பெரும்பாலும் மேலடுக்கில், மெயின்ஃப்ரேம் பக்கத்தில் இருக்கிறது. இந்த எளிய சோதனையைச் செய்யாமல் எமுலேட்டரை நீக்கி மீண்டும் நிறுவுவோர் பலர்.

பயிற்சிக் கையேடுகளின் மேல் எனக்குள்ள மனக்குறையும் இதுவே. என்னிடம் படித்த ஒருவர் தம் நிறுவனம் கொடுத்த கையேட்டைக் காட்டினார். நாற்பது விசைகள் அகரவரிசையில் இருந்தன. என்டருக்கு எதிரே கண்ட்ரோல் என்று மட்டும் இருந்தது. வலதா இடதா என்ற சொல் இல்லை. இடது என்றால் அது ரீசெட் ஆயிற்றே! அகராதிக்கு அகரவரிசை சரி. முதல் நாள் பாடத்துக்கு என்டர், ரீசெட், கிளியர், பிஏ1 என்ற நான்கும் முதலில் வர வேண்டும்.

வலது கண்ட்ரோலை நம்பியிருப்போருக்கு இன்னொரு சோதனையும் வந்திருக்கிறது. ஆப்பிள் மடிக்கணினிகளில் அந்த விசை இல்லை. மைக்ரோசாஃப்ட் 2024இல் அறிவித்த கோபைலட் விசை, பல புதிய விண்டோஸ் மடிக்கணினிகளில் வலது கண்ட்ரோலின் இடத்தையே பிடித்துக்கொண்டது. விரலுக்கு விசுவாசம் என்ற வாதத்தை வன்பொருளே கைவிடும்போது, பழைய கைகள் தனி விசைப்பலகை வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். அல்லது கீமேப் கோப்பைத் திறக்க வேண்டும். எக்ஸ்3270இலும் பெர்சனல் கம்யூனிகேஷன்ஸிலும் அது சாதாரண உரைக்கோப்புதான். மாற்றும் முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, மாற்றியபின் குழுவில் உள்ள எல்லாருக்கும் அதே கோப்பைக் கொடுப்பது நல்லது. அடுத்தவர் இருக்கையில் உட்கார்ந்து உதவும்போது அதன் அருமை தெரியும்.

விசை சரி, எழுத்து தவறு என்ற சிக்கல் தனி. சதுர அடைப்புக்குறியைத் தட்டினால் மெயின்ஃப்ரேமில் வேறு ஏதோ பதிவாகிறது என்றால், அதைக் கீமேப்பில் திருத்த முயலக் கூடாது. அது எப்சிடிக் எழுத்துக்குறி அட்டவணை பற்றியது. திறக்கும் சதுர அடைப்புக்குறி 037ஆம் அட்டவணையில் பிஏ என்ற பதினாறுநிலை எண். 1047ஆம் அட்டவணையில் ஏடி. ஐஎஸ்பிஎஃப் தொகுப்பானில் ஹெக்ஸ் ஆன் என்று கட்டளையிட்டால் ஒவ்வோர் எழுத்தின் கீழும் அதன் எண் தெரியும். அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்து, எமுலேட்டரின் அமர்வு அமைப்பில் அட்டவணை எண்ணை மாற்றினால் போதும். கீமேப்பைத் தொட வேண்டியதில்லை.