சர்க்கரையும் ஈஸ்டும்: மீன்தொட்டிச் செடிகளுக்கு வீட்டிலேயே கார்பன் டை ஆக்சைடு

மீன்தொட்டிச் செடி வளராமல் நின்று இலையில் பாசி படிந்தால் பலரும் முதலில் உரத்தை மாற்றுகிறார்கள். விளக்கு பிரகாசமாக இருக்கும் தொட்டியில் உண்மையான பற்றாக்குறை பெரும்பாலும் கார்பன்தான். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் ரெகுலேட்டரும் வாங்க ஆயிரக்கணக்கில் செலவாகும். சமையலறைப் பொருட்களை வைத்தே அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட முடியுமா? 2 அடி நீளமுள்ள, சுமார் 55 லிட்டர் தொட்டியில் பொருத்திப் பார்த்தேன்.

செய்முறை

2 லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் தாங்கும்படி செய்யப்பட்டது அது; கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது. 250 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உலர் ஈஸ்ட், அரை டீஸ்பூன் சமையல் சோடா, ஒன்றரை லிட்டர் வெதுவெதுப்பான நீர். நீர் கொதித்தால் ஈஸ்ட் செத்துவிடும். நுரை எழும்ப மேலே இடம் விடுங்கள்.

மூடியில் ஏர் டியூபைவிடச் சற்றுச் சிறிய துளை போட்டு, டியூபின் நுனியைச் சாய்வாக வெட்டி நுழைத்து இழுத்தால் இறுக்கமாக உட்காரும். வாயு அடுத்ததாக, பாதி நீர் நிரம்பிய சிறு பாட்டில் வழியாகப் போக வேண்டும். பொங்கி வரும் நுரை அங்கேயே தங்கிவிடும், குமிழிகளையும் எண்ணலாம். அதன்பின் செக் வால்வ், கடைசியில் வாயுவை நுண்குமிழிகளாக நீரில் விடும் டிஃப்யூசர். செக் வால்வ் இல்லையென்றால் வாயு குறையும்போது தொட்டி நீர் பாட்டிலுக்குள் இறங்கிவிடும்.

எப்படி வேலை செய்கிறது?

சில மணி நேரத்தில் குமிழி வரத் தொடங்குகிறது. சர்க்கரையின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன் டை ஆக்சைடாகவும், மீதி ஆல்கஹாலாகவும் மாறும். ஆல்கஹால் கூடியதும் ஈஸ்ட் ஓய்ந்துவிடும் என்பதால் சர்க்கரையை இரட்டிப்பாக்குவதில் பயனில்லை. ரோட்டாலா, ஹைக்ரோஃபிலா போன்ற தண்டுச் செடிகளில்தான் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது: நுனி விரைவாக நீண்டது, மதியத்தில் இலைகளில் ஆக்சிஜன் முத்துகள் கோத்தன. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் வளர்ப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு அவசியமில்லை.

குறைகள்

வாயு சீராக வராது. தொடக்கத்தில் வேகம், பிறகு படிப்படியாகச் சரிவு. பொதுவாக இரண்டு மூன்று வாரம் ஓடும், வெயில் காலத்தில் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். வாயு ஏறி இறங்கினால் பாசிக்குத்தான் கொண்டாட்டம். இரண்டு பாட்டில்களை டி இணைப்பில் சேர்த்து, ஒரு வார இடைவெளியில் மாற்றி மாற்றி நிரப்பினால் இந்த ஏற்ற இறக்கம் குறையும்.

இரவில் நிறுத்தவும் வழியில்லை. செடிகளும் அப்போது ஆக்சிஜனையே எடுத்துக்கொள்வதால், விளக்கு அணைந்ததும் ஏர் பம்பை ஓட விடுங்கள். வாயுவை நிறுத்துவதாக எண்ணிக் குழாயை அடைத்தால் அழுத்தம் ஏறி பாட்டில் வெடிக்கும்.

நீரில் வாயுவின் அளவு பார்க்க, அதை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் போதும். அதிலுள்ள 4 டிகிரி கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) கரைசல் பச்சையாக இருந்தால் லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம் இருக்கிறது என்று பொருள். மஞ்சளானால் மீன்களுக்கு ஆபத்து. உடனே நீரின் மேற்பரப்பைக் கலக்கிவிடுங்கள்.

தீர்ப்பு

75 லிட்டர் வரையுள்ள தொட்டிக்கும், வாரம் ஒருமுறை கவனிக்கப் பொறுமை உள்ளவருக்கும் தாராளமாகப் பரிந்துரைக்கிறேன். பெரிய தொட்டிக்குச் சிலிண்டரே சரி. எதுவானாலும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், செடியை மறந்துவிட்டு முதலில் மீனைக் காப்பாற்றுங்கள்.