சுண்டினால் ஒலிக்கும் வெண்கலம்

ஏரலுக்கு மேற்கே, தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1899-இல் அலெக்சாண்டர் ரீ தொடங்கிய அகழாய்வில், முதுமக்கள் தாழிகளோடு வெண்கலக் கலங்களும் கிடைத்தன. அவற்றுள் சில ஏறத்தாழ 23% வெள்ளீயம் கலந்தவை.

செம்பில் இவ்வளவு வெள்ளீயம் சேர்த்து மெதுவாக ஆறவிட்டால், உள்ளே நொறுங்கும் தன்மையுள்ள படிகங்கள் உருவாகும், தட்டினால் உடையும். 600 டிகிரி செல்சியசுக்கு மேல் செக்கச்செவேலெனக் காய்ந்திருக்கும்போதோ, அதே உலோகம் சுத்தியலுக்கு இணங்கி விரியும். கன்னார்கள் அந்தச் சூட்டிலேயே தகட்டை மெல்லிய கிண்ணமாகத் தட்டி, சிவப்பு அடங்குமுன் தண்ணீரில் தோய்த்தனர். சட்டெனக் குளிர்ந்ததால் படிகங்கள் மாற நேரமில்லை. சூட்டில் இருந்த உறுதியான அமைப்பே நிலைத்தது.

பொன்னை ஒத்த நிறமும், விளிம்பைச் சுண்டினால் நீண்டு அதிரும் நாதமும் இக்கலவையின் அழகு. வெப்பமானி இல்லாத காலத்தில், நெருப்பின் நிறத்தை மட்டுமே பார்த்துப் பதம் அறிந்த கண்களின் தேர்ச்சி அது.