கூண்டு மட்டுந்தானா சிறை?

விலங்குகளைத் திறந்துவிட்டுக் குழந்தையைக் கூண்டில் வைத்த வீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வியன்னாவுக்கு அருகே ஆல்ட்டன்பெர்க் என்ற ஊரில் இருந்தது அது. குரங்கு, அண்டங்காக்கை, காக்கட்டூ கிளி எல்லாம் தோட்டத்தில் உலவின. அவற்றிடமிருந்து மகளைக் காக்கத் தாய் கண்ட வழி அது. வீட்டுக்காரர் கொன்ராட் லோரன்ஸ். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். 1949-இல் ஜெர்மன் மொழியில் அவர் எழுதிய நூல், 1952-இல் ‘சாலமன் அரசனின் மோதிரம்’ என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் வந்தது. பிராணி வளர்க்க ஆசைப்படுவோர் அவசியம் படிக்க வேண்டிய நூல். ஆனால் அதிலுள்ள அனைத்தையும் அப்படியே ஏற்பதற்கில்லை.

எந்த விலங்குக்காக இரங்க வேண்டும் என்று பேசும் இயல்தான் நூலின் சிகரம். மிருகக்காட்சிச் சாலையில் சிங்கத்தையும் கழுகையும் கண்டு ‘ஐயோ பாவம்’ என்கிறோம் அல்லவா? லோரன்ஸ் இதை மறுக்கிறார். வேட்டை நேரம் போக மீதி நேரம் படுத்துக்கிடப்பது சிங்கத்தின் இயல்பு. உண்மையில் வாடுபவை, ஓயாமல் துருதுருவென்றிருக்கும் அறிவுள்ள உயிர்களே. ஓநாய், நரி, குரங்கு, பெரிய கிளிகள் ஆகியவற்றை அவர் சொல்கிறார். கிளியைத் தனிக்கூண்டில் வைத்து அன்போடு பேணும் மூதாட்டியும் தம்மையறியாமல் கொடுமையே செய்கிறாராம். கூண்டின் அகலத்தைவிட உள்ளிருக்கும் உயிரின் மனமே அவருடைய அளவுகோல். இதில் எனக்கு முழு உடன்பாடு.

ஆனால் கூண்டைக் கண்டித்தவர், பழக்குவதைக் கண்டிக்கவில்லை. காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ஜாக்டா என்ற பறவைகளைக் குஞ்சிலிருந்து ஊட்டி வளர்த்து, சுதந்திரமாகப் பறக்கவிட்டார். அவற்றுள் ஓர் ஆண் பறவை லோரன்ஸையே தன் துணையாக எண்ணி, புழுவைக் கொண்டுவந்து அவர் வாயில் ஊட்டப் பார்த்தது. வாய் கிடைக்காதபோது காதில் திணித்தது! இதை வேடிக்கையாகவே எழுதுகிறார். படிக்கும் நீங்களும் சிரிப்பீர்கள், நானும் சிரித்தேன். ஆனால் நடந்தது என்ன? குஞ்சுப் பருவத்தில் தன்னை வளர்ப்பவரையே தன் இனமாக மனத்தில் பதித்துக்கொண்ட பறவை, வளர்ந்த பின் துணையையும் அந்த இனத்திலேயே தேடுகிறது. இறக்கை இருக்கிறது, வானம் திறந்திருக்கிறது; ஆனால் அது விரும்பும் குடும்பம் அதற்கு ஒருநாளும் அமையாது. இரக்கத்தைப் பற்றிய இயலில் சேர வேண்டிய செய்தியல்லவா இது?

நம் பச்சைக்கிளியின் கதையும் இதுதான். கூட்டமாக வாழும் பறவை அது. ‘சிறு குஞ்சாக இருந்தால்தான் பழகும், பேசும்’ என்று சொல்லி மரப்பொந்திலிருந்து எடுத்து விற்கிறார்கள். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. ஒருநாள் மனம் கேளாமல் கூண்டைத் திறந்துவைத்தோம். வெளியே வந்தது, கூண்டின் மேலேறி உட்கார்ந்து ‘அக்கா’ என்று கூப்பிட்டது. எங்கள் மேல் எவ்வளவு பாசம் என்று அம்மா பூரித்துப்போனார்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டபோது, பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். இதைப் படித்துவிட்டு உடனே சன்னலைத் திறந்து உங்கள் கிளியைப் பறக்கவிட்டுவிடாதீர்கள். இரை தேடவோ பருந்தைக் கண்டு ஒளியவோ அதற்குத் தெரியாது. வனத்துறையினரிடம் ஒப்படையுங்கள்.