புனையா ஓவியம்: ஒரு தொடரும் கோட்டோவியச் சுவைப்பும்

தமிழில் ஓவியம் என்னும் சொல் வண்ணம் தீட்டிய படத்தையும் கோட்டால் மட்டும் அமைந்த படத்தையும் ஒருங்கே குறிக்கும். இவற்றை வேறுபடுத்த வேண்டிய இடத்தில் இக்காலத் திறனாய்வாளர் கோட்டோவியம் என்னும் கூட்டுச்சொல்லைக் கையாளுகின்றனர். சொல் வழக்கில் நிலைபெற்றுவிட்டது. ஆயினும் கோட்டோவியத்தைப் பின்னர் வண்ணம் பெறவிருக்கும் படத்தின் முன்வரைவாகக் கருதும் போக்கு நீங்கவில்லை. இப்போக்கிற்குத் தமிழ் மரபு இடந்தருகிறதா என ஆராய்வதற்கு நெடுநல்வாடையில் வரும் ‘புனையா ஓவியம்’ என்னும் தொடர் துணைபுரியும்.

அரசன் பாசறையில் இருக்க, அரண்மனையில் பிரிவால் வாடும் அரசி இத்தொடரால் உவமிக்கப்படுகிறாள். வண்ணம் சேராது வடிவை மட்டும் கோட்டால் காட்டிய ஓவியம் என்னும் கருத்துப்பட நச்சினார்க்கினியர் இதற்கு உரை வகுக்கிறார். மொழிபெயர்ப்பாளருக்குச் சிக்கல் ‘புனை’ என்னும் வினையடியில் எழுகிறது. ஆக்குதல், அணிசெய்தல் ஆகிய இரு பொருள்களும் அதற்கு உண்டு. முதற்பொருளைக் கொள்ளின் அது முற்றுப்பெறாத படம். இரண்டாவதைக் கொள்ளின் அணிபெறாத படம். முன்னதில் கோடு ஒரு படிநிலை. பின்னதில் கோடே படம்.

எப்பொருள் ஏற்புடையது என்பதற்குப் பாட்டிலேயே சான்று உள்ளது. முத்தாரம் கிடந்த மார்பில் இப்போது தாலி மட்டுமே தாழ்கிறது. பொன்தொடியின் தழும்பு பட்ட முன்கையில் சங்கு வளையும் காப்புநூலும் உள்ளன. பூந்துகில் உடுத்த இடையில் மாசேறிய நூலாடை இருக்கிறது. களையப்பட்டவை அனைத்தும் அணிகளே. அரசியின் வடிவில் குறையேதும் கூறப்படவில்லை. பிரிவு நீங்கின் அணிகள் மீளும் என்பதால் நிறைவின்மைப் பொருளும் நிழலாக உடன்வருகிறது எனலாம். எனினும் உவமைக்கு அடிப்படை அணியின்மையே. ஆகவே ‘முடிவுறாத ஓவியம்’ எனப் பொருள்படும்படி பெயர்ப்பது பாட்டின் அழகியலை மாற்றிவிடும்.

கோட்டை எவ்வாறு சுவைப்பது என்பது அடுத்த வினா. பரிபாடலின் 19ஆம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தை ‘எழுத்துநிலை மண்டபம்’ என்கிறது. எழுதுதல் என்னும் வினை எழுத்திற்கும் ஓவியத்திற்கும் பொதுவாயிருந்ததை இப்பெயர் உணர்த்தும். அங்கு வந்தோர் இரதி, காமன், பூனையுருக் கொண்ட இந்திரன், அகலிகை, கௌதமன் ஆகியோரின் உருவங்களைச் சுட்டி, இவர் யார் என வினவியும் விடைகூறியும் மகிழ்கின்றனர். உருவை இனங்காண்பதே இங்குச் சுவைப்பின் வாயில். ஓவியத்தைப் பற்றிய இன்றைய எழுத்துகளிற் பலவும் இவ்வாயிலிலேயே நின்றுவிடுகின்றன.

காந்தி நூற்றாண்டையொட்டி 1969இல் கே. எம். ஆதிமூலம் (1938–2008) கறுப்பு மையால் வரைந்த காந்தி கோட்டோவியங்கள் இவ்வணுகுமுறையின் எல்லையைக் காட்டுகின்றன. வரையப்பட்டவர் யார் என்னும் வினாவிற்கு அங்கு இடமேயில்லை. பார்த்த கணத்திலேயே விடை கிடைத்துவிடுகிறது. எஞ்சுவது கோடு. அது எங்கு அழுந்துகிறது, எங்கு மெலிகிறது, எங்கு விரைகிறது, எங்கு வெற்றுத் தாளுக்கு இடம்விட்டு நின்றுவிடுகிறது என்பனவே பார்வையாளர் படிக்கவேண்டியவை. குறைந்த ஆடையோடு வாழ்ந்த ஒருவரை வண்ணமின்றி வரைந்தமை பொருளுக்கு இயைந்த வடிவமாகவும் அமைகிறது. இப்படங்களுக்கு வண்ணம் சேர்ப்பின் அவை நிறைவுபெறா, வேறு படங்களாகிவிடும்.

அழுத்தம், மெலிவு, விரைவு, நிறுத்தம், வெளி முதலிய சொற்கள் தமிழில் உள்ளவையே. இவற்றைக் கலைச்சொற்களாக வரையறுத்துப் பயன்படுத்தும்போதுதான் கோட்டோவியத் திறனாய்வு இனங்காணலைக் கடந்து செல்லும். புனையாமை ஒரு குறையன்று என்பதை நெடுநல்வாடையின் உவமை உணர்த்தியுள்ளது. அவ்வுணர்வை மொழிபெயர்ப்பிலும் திறனாய்விலும் இழந்துவிடாமை இன்றியமையாதது.