சரியாகச் சொன்னவர்

டேவிட் ஹெய்க் எழுதிய ‘பிரஷர்’ (2014) நாடகத்தை ஒரே மூச்சில் படித்தேன். 1944 ஜூன். நார்மண்டியில் தரையிறங்க நேச நாட்டுப் படைகள் தயார். போர்ட்ஸ்மத் அருகே சவுத்விக் மாளிகையில் ஓர் அறை. ஜூன் 5 அன்று புயல் என்கிறார் ஐசனோவரின் வானிலை ஆலோசகர் ஜேம்ஸ் ஸ்டாக். பழைய வானிலை வரைபடங்களில் இதே மாதிரி நாட்களைத் தேடிப் பார்த்து, ‘ஒண்ணும் ஆகாது’ என்கிற கட்சி அமெரிக்கர் இர்விங் கிரிக்.

விறுவிறுப்பான நாடகம்தான். ஆனால் ஹெய்க் இதை இருவர் சண்டையாகச் சுருக்கிவிட்டார் என்பது என் புகார். உண்மையில் மூன்று மையங்கள் தொலைபேசியில் மோதிக்கொண்டன. டன்ஸ்டபிளில் இருந்த நார்வேக்காரர் பெட்டர்சனும் டக்ளஸுமே தங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அத்தனை பேச்சையும் ஒற்றைப் பதிலாக்குவதுதான் ஸ்டாக்கின் வேலை. அயர்லாந்தின் மேற்குக் கரையில், பிளாக்ஸாட் தபால் நிலையத்தில் காற்றழுத்தமானியைப் பார்த்துக் குறித்தவர் மோரீன் ஃபிளாவின். ஜூன் 3, அவருடைய 21வது பிறந்தநாள். அளவைச் சரிபார்க்கச் சொல்லித் தொலைபேசி வந்தது. எதற்கென்று அவருக்குத் தெரியாது. நாடகத்தில் அவர் ஒரு பாத்திரம்கூட இல்லை.

இதைவிடப் பெரிய உறுத்தல் வேறு. நாடகத்தின் பதற்றம் முழுக்க ‘யார் சரி’ என்பதில்தான். 5ஆம் தேதி தள்ளிப்போடப்பட்டது. 6ஆம் தேதிக்குக் கிடைத்த சிறு இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஸ்டாக் சரி. அடுத்த பொருத்தமான ஓதத்துக்குக் காத்திருந்தால் 19ஆம் தேதிப் புயலில் மாட்டியிருப்பார்கள். ஒமாஹா கரையின் செயற்கைத் துறைமுகத்தையே சிதைத்த புயல் அது.

ஆனால் 6ஆம் தேதிக் கடலும் அமைதியாக இல்லை. ஒமாஹாவுக்கு எதிரே ஒரு படைப்பிரிவு 29 மிதவை டாங்கிகளைத் தொலைவிலேயே கடலில் இறக்கியது. அலையில் 27 மூழ்கின. அறைக்குள் ‘தாங்கக்கூடிய அலை’ என்று முடிவானது, டாங்கிக்குள் இருந்தவனுக்கு வேறு அலை.

இதை நான் வெளியில் நின்று சொல்லவில்லை. சம்பளம் போடும் மென்பொருளில் வேலை செய்கிறேன். ஒரு வெளியீட்டு இரவில் மூன்று குழுக்கள் மூன்று விதமாகச் சொன்னார்கள். ‘போலாமா, வேணாமா?’ என்று மேலாளர் கேட்டார். போலாம் என்றேன். பெரிய சிக்கல் இல்லை. ‘வெற்றி’ என்று மெயில் போட்டதும் நான்தான். சிலருக்கு மட்டும் அந்த மாதச் சம்பளம் ஒரு வாரம் தாமதமானது. அவர்கள் யாரென்று நான் கேட்கவே இல்லை.

ஸ்டாக் சரியாகச் சொன்னபோது எனக்கும் நிம்மதிப் பெருமூச்சு வந்தது. இந்த நாடகத்தின் மீது என் சந்தேகம் தொடங்கியது அந்தப் பெருமூச்சில்தான்.