கதவுக்கு வெளியே மேபல்

சார்லி சாப்ளினுக்காகத்தான் அந்தப் படத்தை முதல் தடவை பார்த்தேன். தொளதொளத்த கால்சட்டை, இறுக்கமான கோட்டு, சின்னத் தொப்பி, கைத்தடி என்ற அந்த நாடோடி வேடத்தை அவர் முதன்முதலாகப் போட்டு நடித்தது இதில்தான் என்று படித்திருந்தேன். 1914 பிப்ரவரியில் வெளிவந்த மௌனப் படம். பெயர் 'மேபல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் பிரெடிகமென்ட்'. மேபலுக்கு வந்த விசித்திரமான இக்கட்டு என்று சொல்லலாம். தலைப்பிலேயே ஒரு பெண்ணின் பெயர் இருந்தும், அவர் யார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. படத்தை இயக்கியவரும் அவர்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

மேபல் நார்மண்ட் நியூயார்க்கில் ஓவியர்களுக்கு மாடலாக இருந்து சினிமாவுக்கு வந்தவர். பயோகிராஃப் நிறுவனத்தில் நடித்துக்கொண்டிருந்தவர், 1912இல் மேக் செனட் கீஸ்டோன் நிறுவனத்தைத் தொடங்கியபோது அதில் சேர்ந்தார். லாஸ் ஏஞ்சலஸில் அவர்கள் எடுத்த நகைச்சுவைப் படங்களின் தலைப்புகளில் 'மேபல்' என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தப் பெயருக்காக ஜனங்கள் வந்தார்கள். இருபதுகளின் தொடக்கத்திலேயே தன் படங்களைத் தானே இயக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

கதை எளிமையானது. ஒரு ஹோட்டல். மேபல் தன் அறையில் இரவு உடையில், பைஜாமாவோடு, நாயுடன் விளையாடிக்கொண்டிருக்கிறார். வெளியே வந்த நேரத்தில் கதவு பூட்டிக்கொள்கிறது. நடைவழியில் குடிபோதையில் தள்ளாடும் நாடோடி அவரைத் துரத்துகிறான். தப்பிப்பதற்காக வேறொருவரின் அறைக்குள் நுழைந்து கட்டிலுக்கு அடியில் ஒளிகிறார். அந்த அறைக்காரருக்கு மனைவி உண்டு. மேபலுக்கோ ஒரு காதலன். பிறகு நடப்பதை நீங்களே ஊகிக்கலாம்: சந்தேகம், கூச்சல், அடிதடி.

முதல் தடவை சிரித்தேன். இரண்டாம் தடவை மேபலை மட்டும் பார்த்தேன். அப்போது ஒன்று புரிந்தது. ஒரே நடைவழியில் இரண்டு பேர் அலைகிறார்கள். குடித்துவிட்டுப் பெண்களைத் தொந்தரவு செய்கிறவன் ஊரே ரசிக்கும் கோமாளி. ஒரு தவறும் செய்யாதவள் கட்டிலுக்கு அடியில். இந்த நகைச்சுவை வேலை செய்ய வேண்டுமானால், பார்க்கிறவர்களுக்கு ஒரு விதி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்: இரவு உடையில் தன் கதவுக்கு வெளியே நிற்கும் பெண் ஏதோ செய்திருக்கிறாள். அந்த விதியை யாரும் நமக்கு விளக்கத் தேவையில்லை. நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொள்ளாமல் வாசலுக்குப் போகத் தயங்கிய ஒவ்வொருத்திக்கும் அது தெரியும்.

இதைப் பெண்ணியப் படம் என்று நான் சொல்லவில்லை. அது அந்த விதியை உடைப்பதில்லை, அதை வைத்தே சிரிக்க வைக்கிறது. கணவனைச் சந்தேகிக்கும் மனைவியையும் வழக்கமான சண்டைக்காரியாகத்தான் காட்டுகிறது. ஆனால் அந்த இக்கட்டில் மேபலின் முகத்தில் எனக்குத் தெரிவது வெட்கத்தைவிட எரிச்சல்தான். மாட்டிக்கொண்டவளின் கோணத்தை அறிந்த ஒருவர் நடித்து இயக்கியிருக்கிறார் என்ற எண்ணம் அதனால்தான் வருகிறது.

சாப்ளின் 1964இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இந்த வேடம் பிறந்த நாளை விவரிக்கிறார். செனட் ஏதாவது வேடம் போட்டு வரச் சொல்கிறார். மேபல் செனட்டின் பக்கத்தில் நிற்பவராகத்தான் அந்தக் காட்சியில் வருகிறார். அதே நூலில் இன்னொரு சம்பவமும் உண்டு. சில வாரங்கள் கழித்து எடுத்த 'மேபல் அட் தி வீல்' படப்பிடிப்பில், தான் சொன்ன ஒரு நகைச்சுவையை மேபல் ஏற்க மறுத்ததும், தன்னை இயக்கும் தகுதி அவருக்கு இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வேலையை நிறுத்தியதாக எழுதுகிறார். அவர் சினிமாவுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மேபலுக்கோ பல ஆண்டு அனுபவம். கோபத்தில் சாப்ளினை அடிக்க வந்தவர்களைத் தடுத்தவரும் மேபல்தான் என்பதை அவரே சொல்கிறார். அந்தப் படத்தின் கதை என்ன தெரியுமா? காதலனால் பந்தயத்துக்கு வர முடியாமல் போக, மேபல் தானே காரை ஓட்டி ஜெயிக்கிறார்.

சாப்ளினின் மேதைமையைக் குறைப்பது என் நோக்கமல்ல. அந்தச் சண்டைக்குப் பிறகும் இருவரும் சேர்ந்து நடித்தார்கள். ஆனால் அந்தப் படப்பிடிப்புத் தளத்தைப் பற்றி நாம் இன்று படிப்பது பெரும்பாலும் அவர் சொன்னது. அவர் எழுதியபோது மேபல் இறந்து 34 ஆண்டுகள் ஆகியிருந்தன. பதில் சொல்ல அவர் இல்லை.

கதவுக்கு வெளியே நிற்கும் நிலை அவர் வாழ்க்கையிலும் வந்தது. 1922 பிப்ரவரியில் இயக்குநர் வில்லியம் டெஸ்மண்ட் டெய்லர் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று மாலை அவரைப் பார்க்கப் போயிருந்தவர் மேபல். அவர்மீது எந்த வழக்கும் பதிவாகவில்லை, கொலையாளி இன்றுவரை யாரென்று தெரியவில்லை. ஆனால் பத்திரிகைகள் அந்தச் சந்திப்பை விடவில்லை. ஓர் ஆணின் வீட்டுக்கு மாலையில் ஏன் போனாள்? 1924 புத்தாண்டு நாளில் அவருடைய கார் ஓட்டுநர் ஒருவரைச் சுட்டுக் காயப்படுத்தியபோதும் விளக்கம் சொல்ல வேண்டியவர் மேபல்தான் என்றானது. சில ஊர்களில் அவர் படங்களுக்குத் தடை வந்தது. 1930இல் காசநோயால் இறந்தார். எட்டு வருடங்களுக்கு முன் அவர் சிரிக்க வைத்துக் காட்டிய அதே விதி, 1922இல் சிரிப்பில்லாமல் அவர்மேலேயே விழுந்தது.

2010இல் இந்தப் படம் சீரமைக்கப்பட்டு டிவிடி தொகுப்பாக நமக்குக் கிடைத்தது. தொகுப்பின் பெயர் 'சாப்ளின் அட் கீஸ்டோன்'. அவர் அதில் இருந்ததால்தான் படம் காப்பாற்றப்பட்டது, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் திரைப்பட வகுப்புகளில் இதைப் போட்டுக் காட்டுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. விளக்கை அணைப்பதற்கு முன் கரும்பலகையில் இயக்குநர் பெயரை எழுதுங்கள். பிறகு மாணவிகள் யாரைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள்.