யாருடைய கணக்கு?

2016இல் வெளிவந்த ‘அம்மா கணக்கு’ படத்தில், வீட்டுவேலை செய்யும் சாந்தி, படிப்பில் நாட்டமில்லாத மகளை உசுப்புவதற்காக அவள் வகுப்பிலேயே பத்தாவது சேர்கிறாள். கணக்கில் தன்னைவிட அதிக மதிப்பெண் எடுத்தால் பள்ளியைவிட்டு நின்றுவிடுவதாக மகளிடம் பந்தயமும் கட்டுகிறாள். என்னை உறுத்துவது இந்தப் பந்தயம்தான். தாயின் படிப்பு இங்கே வெறும் தூண்டில். மகள் முந்தினால் தாய் வெளியேற வேண்டும்.

கோவளத்தில் மீன் விற்கும் பெண்களோடு இப்படத்தைப் பார்த்தேன். எட்டாவதோடு நின்றுபோன ஒருத்தி கேட்டாள்: “பொண்ணு ஜெயிச்சா அந்தம்மா ஏன் நிக்கணும்? அவளுக்கு சர்ட்டிபிகேட் வேணாமா?”

வேண்டும். அதற்கு மகளின் வகுப்பறையும் தேவையில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடங்கள். தேர்வெழுத ஐந்தாண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள். ஒருமுறை தேறிய பாடத்தை மறுபடி எழுத வேண்டாம். இடையில் பிரசவம் வரலாம், பிழைப்பு இழுக்கலாம். அந்தக் காலத்துக்குள் மீதிப் பாடங்களை எழுதி முடிக்கலாம். மகள் எவ்வளவு எடுத்தாலும் தாயின் கணக்கில் எதுவும் குறையாது.

சினிமாவுக்குச் சுவைப்படாத விதிதான். ஆனால், யாருக்காகப் படிக்கிறாய் என்று அது அவளைக் கேட்பதில்லை.